‘கேட்காதே’ என்று சேர்த்து அடித்த கட்டளை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பது. ஆனால் மட்டாஞ்சேரியில், சுக்கு கோடவுனுக்கு மேலே இருக்கும் நம் அலுவலகத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு அடுத்த வாரம் கிளம்புகிறேன். சர்வர் விவரங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் ஒப்படைப்புக் கோப்பில் இருக்கின்றன. அதில் எழுத இடமில்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நீங்கள் இருவரும் தமிழ் படிப்பீர்கள் என்பதால் தமிழில். எனக்கு மலையாளம்தான் வேகமாக எழுத வரும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாடிக்கையாளர்களின் கணினிகள் ஒரே ஜாதி இல்லை என்பதை முதல் வாரத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஏலூரில் ஒரு கம்பெனிக்கு ஒரு வகை லினக்ஸ், இங்கே டயாலிசிஸ் சென்டருக்கு வேறொரு வகை, ஏற்றுமதிக்காரர் வீட்டில் மேக், பள்ளிக்கூடத்தில் விண்டோஸ். மென்பொருளை ஏற்றவும் நீக்கவும் ஒவ்வொன்றிலும் ஒரு பேக்கேஜ் மேனேஜர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. நான் சேர்ந்தபோது அந்தப் பாஷைகளையெல்லாம் ஐந்து பத்திகளாக ஒரு சார்ட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எழுதியவள் ஷாஹினா, எனக்கு முன்பே இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவர்கள்கூட அதைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள்.

அந்தத் தாளை ஒழிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இணையத்தில் கிடைத்த ஒரு கருவியை எடுத்து, நமக்கு ஏற்றபடி மாற்றி எழுதினேன். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஏற்று என்றால் ஏற்றும், நீக்கு என்றால் நீக்கும். அடியில் எந்த மேனேஜர் இருக்கிறது என்று கருவியே கண்டுபிடித்து அதன் பாஷையில் சொல்லிக்கொள்ளும். கூடவே ஒரு சிறு எழுத்தைச் சேர்த்தால், நடுவில் ‘இதெல்லாம் நீக்கலாமா?’ என்று மேனேஜர் கேட்கும் கேள்விக்கும் அதுவே ஆம் என்று பதில் சொல்லிவிடும். கேட்காதே என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்தினார்கள். ஷாஹினா மட்டும் சுவர்த்தாளைக் கிழிக்க விடவில்லை. மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று நான் கேலி செய்வேன். கொடு, கூடவே உன்னையும் கொடுக்கிறேன் என்பாள்.

அந்தக் கேட்காதே எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பஜார் ரோட்டில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்த ஆபீஸில் எந்தத் தாளை நீட்டினாலும், கிளார்க் விரல் வைத்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் படிக்கத் தெரியாதது தெரிந்துவிடுமே. எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தை உதடு அசைத்துத்தான் படிப்பேன். கல்லூரியில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதிலிருந்து, பக்கத்தில் யாராவது இருந்தால் திரையில் ஓடுவதைப் படித்த மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று ஆம் என்று தட்டப் பழகினேன். வேகமான ஆள் என்று பெயர் வந்தது. கேட்காதே வந்த பிறகு அந்தப் பார்வைகூடத் தேவைப்படவில்லை.

இனி, இதை எழுத வைத்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

டயாலிசிஸ் சென்டர் இங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஒரு டிரஸ்ட் நடத்துவது. ஒரு நேரத்தில் ஆறு பேருக்குச் செய்யலாம். அங்கே பொறுப்பில் இருப்பவர் ஜெயந்தி சிஸ்டர். திருப்பூணித்துறையிலிருந்து வருகிறார். பூர்விகம் பாலக்காடு, வீட்டில் தமிழ். என்னைப் பார்த்தால் அந்தத் தமிழில்தான் பேசுவார். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஷீட் அச்சிடுவார்கள். எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாம் அங்கே ஒரு மூலையில் இருக்கும் சர்வரின் டேட்டாபேஸிலிருந்து வருவது.

அந்த ஷீட்டை அச்சிட ஒரு பழைய மென்பொருள் இருந்தது. புதியது போட்டு ஒரு மாதம் ஆகியிருந்ததால் பழையதை நீக்க வேண்டும். முதல் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு அடுத்த ஷிஃப்டின் ஷீட்டை எடுக்கும்வரை கம்ப்யூட்டர் வேண்டாம், அதுவரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். பதினொன்றுக்கு உட்கார்ந்தேன். முந்தைய நாள் நம் அலுவலகக் கணினியில் இதே நீக்கலைச் செய்து பார்த்திருந்தேன். மூன்று வரி ஓடியது, முடிந்தது. அதே கட்டளை. அதே கேட்காதே.

திரையில் வரிகள் ஓடின. மூன்று வரியில் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தன. ஏதோ ஓடுகிறது என்று பார்த்தேனே தவிர, என்ன ஓடுகிறது என்று படிக்கவில்லை. கடைசியில் முடிந்தது என்று வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சிஸ்டரின் மேஜையில் இருந்த திரையில் சர்வருடன் தொடர்பு இல்லை என்று சிவப்பில் எழுதியிருந்தது.

என்ன நடந்தது என்பதை இப்போது இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு மென்பொருளை ஏற்றும்போது அதற்கு வேண்டிய துணைகளையும் மேனேஜர் தானே ஏற்றும். அலுவலகக் கணினியின் மேனேஜர், முதன்மையானதை நீக்கினாலும் துணைகளை விட்டுவைக்கும் வகை. சென்டரில் இருந்ததோ, இனி இவற்றுக்கு வேலையில்லை என்று துணைகளையும் சேர்த்து நீக்கும் வகை. அந்த டேட்டாபேஸ், எந்தக் காலத்திலோ அந்த அச்சு மென்பொருளின் துணையாக உள்ளே வந்தது. நீக்குவதற்கு முன் மேனேஜர் பட்டியல் போட்டுக் கேட்டிருக்கும். என் கருவி எனக்காக ஆம் என்று சொல்லிவிட்டது.

“கதிர், இது என்ன இப்படிக் காட்டறது?” என்றார் சிஸ்டர்.

“நெட் கொஞ்சம் ஸ்லோ சிஸ்டர். அஞ்சு நிமிஷம்.”

இந்த எட்டு வருடத்தில் நான் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது. யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. அந்த இடத்தில் என்னை எஞ்சினீயர் என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டு ஆள் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

உடனே ஏற்று என்று டேட்டாபேஸின் பெயரை அடித்தேன். பழக்கத்தில் கேட்காதே என்ற எழுத்துக்கும் விரல் போய்விட்டது. எண்டர் தட்டவில்லை. என்னவோ ஒரு பயம். அந்த எழுத்தை அழித்துவிட்டு ஷாஹினாவுக்குப் போன் செய்தேன். நாங்கள் பேசிக்கொண்டது மலையாளத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பழைய வெர்ஷன் என்ன?”

“தெரியல.”

“அப்ப கீபோர்டுலேர்ந்து கையை எடு. புதுசை ஏத்தி ஸ்டார்ட் பண்ணினா அது பழைய டேட்டாவைத் தன் பாணிக்கு மாத்திடும். அப்புறம் திரும்பி வர வழியில்ல.”

டேட்டா இருக்கும் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இருந்தது. மென்பொருள்தான் போயிருந்தது, பதிவுகள் போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

“சிஸ்டர்கிட்ட என்ன சொல்லியிருக்க?”

“நெட் ஸ்லோன்னு.”

அவள் பக்கம், அலுவலகத்துக்குக் கீழே கோடவுனில் லாரி பின்னால் எடுக்கும் சத்தம் போனில் கேட்டது.

“கதிரே, முதல்ல போய் அதை மாத்திச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

சரி செய்துவிட்டுச் சொல்கிறேனே என்றேன். சொல்லிட்டு வா, அப்புறம்தான் சரி பண்றது என்றாள்.

மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அடுத்த ஷிஃப்டுக்காக முதலில் வந்தவர் நஸீர், எல்லோருக்கும் இக்கா, அதாவது அண்ணன். ஆட்டோ ஓட்டியவர், ஐம்பதைத் தாண்டியவர். வாரத்தில் மூன்று நாள் வருவார். வியாழக்கிழமை வயிற்றுக் கோளாறு என்று சென்டரின் டாக்டரைப் பார்க்கப் போனதில் அன்றைய டயாலிசிஸ் விட்டுப்போயிருந்தது. நான்கு நாள் நீர் உடம்பில். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். அந்த நிலையிலும் என்னை விடவில்லை.

“எந்தா அண்ணாச்சி, முகம் வெளுத்துப்போச்சே. எதையாவது பொட்டிச்சோ?”

உடைத்துவிட்டாயா என்று கேட்கிறார். நான் சிரித்த மாதிரி ஏதோ செய்தேன்.

சிஸ்டர் இரண்டு நாள் லீவில் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். இக்காவின் மூச்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் என்றவன் இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறான். எப்படியும் ஷீட் வந்துவிடும், அதற்குள் தயாராகலாம் என்று, கோப்பிலிருந்து கடைசித் தடவையான செவ்வாய்க்கிழமை ஷீட்டை எடுத்துக் கட்டிலோரம் கிளிப்பில் மாட்டினார். நான் போய் நிற்கும்போது அதைப் பார்த்து ஊசியில் ஹெபாரின் எடுத்து முடித்திருந்தார்.

“சிஸ்டர்.”

“ஆச்சா?”

“நெட் இல்ல சிஸ்டர். நான் டேட்டாபேஸை நீக்கிட்டேன். தெரியாம. உள்ள இருக்கற பதிவு அப்படியே இருக்கு. ஆனா இப்ப யாரோட ஷீட்டும் எடுக்க முடியாது.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஊசியைப் பார்த்தார். பிறகு கிளிப்பில் இருந்த தாளின் தேதியைப் பார்த்தார். மூடியைப் போட்டு ஊசியை டிரேயில் வைத்தார்.

“அஞ்சு நிமிஷம்னேளே. அதனாலதான் நான் இதை எடுத்தேன்.” குரல் உயரவில்லை. “இப்ப சரியாச் சொல்லுங்கோ. எத்தர நேரம்?”

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஷாஹினாவிடம் கேட்டேன். எல்லாம் சரியாக நடந்தால் நாற்பது நிமிடம் என்றாள். அதையே சொன்னேன்.

“நாப்பது. சரி. அதுக்குத் தகுந்த மாதிரி நான் பாத்துக்கறேன். நீங்கோ போங்கோ.”

நான் திரும்புவதற்குள் அவர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டார். ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து இக்காவுக்கு மாட்டினார். டாக்டர் கலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் மேஜைக்கே கூப்பிட்டு, வெளியே வந்ததும் பேசச் சொன்னார். அதற்குள் வந்துவிட்ட மற்ற ஐந்து பேரையும் வெளியில் உட்காரவைத்துக் காரணத்தையும் சொன்னார். ஐந்து நிமிடத்தை நம்பியிருந்தால் இதில் ஒன்றையும் அவர் செய்திருக்க மாட்டார்.

நான் சர்வருக்கு வந்தேன். ஷாஹினா சொன்னாள்: “உன் கருவியை விடு. அந்த மெஷினோட சொந்த மேனேஜர்கிட்ட பேசு. அது டைரி வச்சிருக்கும்.”

சுவர்த்தாளின் இரண்டாம் பத்தி, கடைசி வரி என்றாள். நான் அந்த வரிவரை படித்ததே இல்லை. அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அடித்தேன். அந்தக் கணினியில் இதுவரை ஏற்றியது, நீக்கியது எல்லாம் எண் போட்டு வந்து நின்றது. கடைசி எண் நான் செய்தது. அதைத் திறந்தால், நீக்கியவை ஒவ்வொன்றும் தன் வெர்ஷனோடு இருந்தது. அந்த எண்ணைச் சொல்லி, இதைத் திருப்பிப் போடு என்று கேட்டால் அந்த மேனேஜர் திருப்பிப் போடும். என் கருவியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எல்லா மேனேஜருக்கும் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் வைத்துத்தானே அதை எழுதினேன். திரும்பி வருவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை இல்லை.

அதற்கு முன் டேட்டா ஃபோல்டரை ஒரு நகல் எடுக்கச் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று காட்டியது. பின்னால் இக்காவின் மூச்சு மாஸ்க்குக்குள் இரைவது எனக்குக் கேட்கிறது. நகல் இல்லாமலே போடலாமே, டேட்டாதான் நன்றாக இருக்கிறதே என்றேன்.

“ஒரு மணி நேரம் முன்னாடியும் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள்.

சிஸ்டரிடம் போய், பத்திரத்துக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும், பன்னிரண்டு நிமிடம், அது நாற்பதுக்குள்தான் என்றேன். இக்காவின் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நிமிடம் நான் ஒன்றும் செய்யவில்லை. திரையில் ஒரு கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வேலையில் இதுதான் கடினமான பகுதி. யாரும் சொல்லித்தரப் போவதில்லை.

நகல் முடிந்தது. திருப்பிப் போடு என்று அடித்தேன். மேனேஜர் நாற்பத்தொரு வரியைத் திரையில் போட்டு, இது சரியா என்று கேட்டு நின்றது. பதில் சொல்லும்வரை காத்திருந்தது.

“வாசி,” என்றாள் ஷாஹினா. “எனக்குக் கேக்கணும்.”

பின்னால் சிஸ்டர், கட்டிலில் இக்கா, வாசலில் ஐந்து நோயாளிகள். எல்லோருக்கும் முன்னால், உதட்டை அசைத்து, ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறி, முதல் வரியிலிருந்து படித்தேன். பெயர், வெர்ஷன், பெயர், வெர்ஷன். அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு மேலே போ என்றாள். பதினைந்தாவது வரி தாண்டியிருக்கும், மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு நஸீர் இக்கா சொன்னார்:

“சின்ன வயசுல ஓத்துப்பள்ளியில உஸ்தாத் எங்களைக் குர்ஆனை இப்படித்தான் வாசிக்க வைப்பாரு. நிறுத்தினா அடி விழும். நிறுத்தாதே அண்ணாச்சி.”

சிஸ்டர் மாஸ்க்கைத் திரும்ப அழுத்தி வைத்து, பேசாமல் இருக்கச் சொன்னார். வாசலில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. நான் நிறுத்தவில்லை.

டேட்டாபேஸின் வரி வந்தது. வெர்ஷன் எண்ணை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். டைரியில் இருந்ததும் இதுவும் ஒன்றுதான். நாற்பத்தொன்றும் முடிந்தபிறகு, “இப்ப ஆம் சொல்லு,” என்றாள்.

ஏறியது. ஆனால் சிஸ்டரின் திரை அப்படியே சிவப்பாக நின்றது. அலுவலகக் கணினியில் ஏற்றியவுடன் டேட்டாபேஸ் தானே ஓட ஆரம்பிக்கும். இந்த வகையில் நாம் சொன்னால்தான் ஓடும், அவ்வளவுதான். நீக்கும்போது மேனேஜர் பழைய அமைப்புக் கோப்பை வேறு பெயரில் எடுத்து வைத்திருந்தது, அதையும் அதன் இடத்தில் வைத்து ஓடச் சொன்னேன். சிவப்பு போயிற்று.

அச்சு இயந்திரத்திலிருந்து முதலில் வந்தது நஸீர் இக்காவின் ஷீட். சிஸ்டர் நின்றபடியே படித்தார். வியாழக்கிழமை மாலை, அவர் லீவில் இருந்தபோது, டாக்டர் ஒரு குறிப்பு ஏற்றியிருந்தார். மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றில் ரத்தக்கசிவு சந்தேகம். ஹெபாரின் கொடுக்கக் கூடாது.

டாக்டர் என்ன மாற்றினார் என்று, ஊசியை எடுப்பதற்கு முன் சிஸ்டர் இக்காவிடம் கேட்டிருக்கிறார். வயிற்றில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார் என இக்கா சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

சிஸ்டர் டிரேயில் இருந்த ஊசியை எடுத்து என்னிடம் காட்டினார்.

“இது இவருக்கு எடுத்தது,” என்றார். பிறகு அதைக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு இக்காவின் மெஷின் ஓட ஆரம்பித்தது, ஹெபாரின் இல்லாமல். இரண்டு மணிக்கு அவர் மாஸ்க் இல்லாமல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கு நடந்தேன்.

அன்று நான் எழுதிய அறிக்கை கோப்பில் இருக்கிறது. நெட் ஸ்லோ என்று சொன்னதும் அதில் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்று நம் மேலாளர் சொன்னார். வாடிக்கையாளருக்குப் போகும் தாளாயிற்றே என்று அவருக்குக் கவலை. அது இல்லாவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை என்று ஷாஹினா சொன்னாள். இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

அந்தக் கருவியை நாங்கள் தூக்கிப்போடவில்லை. நீங்களும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள், நல்ல கருவி. ஆனால் அதில் கேட்காதே இப்போது இல்லை. ஒரே சொல்லை எல்லாக் கணினியிலும் அடிக்கலாம், அந்தச் சொல்லுக்கு எல்லாக் கணினியும் ஒரே காரியத்தைச் செய்யும் என்று மட்டும் நம்பாதீர்கள். சுவர்த்தாளை லாமினேட் செய்து என் மேஜைக்கு நேரே மாட்டியிருக்கிறோம். கடைசி வரிவரை படியுங்கள். வாடிக்கையாளரின் கணினியில் ஆம் சொல்வதற்கு முன் பட்டியல் முழுவதையும் வாய்விட்டுப் படிப்பது நம் அலுவலக வழக்கம். முதல் நாள் அதைக் கேட்டு நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். பரவாயில்லை. வேகமாகப் படிக்க வராத ஒருவர் நம்மிடையே எப்போதும் இருப்பார், யார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். எல்லோரும் மெதுவாகப் படித்தால் அவர் ஒளிய வேண்டியதில்லை.

திங்கட்கிழமை நீங்கள் இருவரும் நான் இல்லாமல் அந்த சென்டருக்குப் போகிறீர்கள். நஸீர் இக்கா எப்படியும் ஒரு பட்டப்பெயர் வைப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். என்றைக்காவது உங்கள் கையாலும் ஏதாவது போகும். அன்று சிஸ்டர் வந்து என்ன ஆச்சு என்று கேட்பார். எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். என்ன செய்தீர்களோ அதை அந்த மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். அவர் திட்ட மாட்டார். கையில் இருப்பதைக் கீழே வைப்பதற்கு அவருக்கு அந்த நேரம் வேண்டும்.

அன்புடன்,
கதிரேசன்